நாகஸ்வரத்துக்கு எந்த ஹெட்போன்?

ஹெட்போன் மதிப்புரை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சிம்பொனியையும் ஜாஸையும் வைத்தே தரம் பார்க்கிறார்கள். எழுபது எண்பது பேர் அமர்ந்து வாசிக்கும் இசைக்குழுவில் செல்லோ எந்தப் பக்கம், டிரம்பெட் எந்த வரிசை என்று காதாலேயே இடம் சொல்ல முடிகிறதா என்பது அவர்களுடைய முதல் கேள்வி. கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் குடியிருந்துகொண்டு நாகஸ்வரமும் தவிலும் வீணையும் கேட்கிறவனுக்கு அந்தக் கேள்வியால் பெரிய உபயோகமில்லை. என் முதல் கேள்வி வேறு. நாகஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியின் சீற்றம் காதைக் குத்தாமலும், அதற்காக மழுங்கிப்போகாமலும் வருகிறதா?

இந்தக் கேள்வியோடுதான் மூன்று ஹெட்போன்களை மாற்றி மாற்றிக் கேட்டு வருகிறேன்: சென்ஹைசர் எச்.டி. 600, அதே நிறுவனத்தின் எச்.டி. 800 எஸ், ஆடிசி எல்.சி.டி. எக்ஸ். முதலாவது 1997இல் வந்தது. இன்றும் விற்பனையில் இருக்கிறது. இரண்டாவது, 2009இல் வந்த எச்.டி. 800இன் திருத்திய வடிவம், 2016இல் வெளியானது. மூன்றாவது கலிபோர்னியாவிலிருந்து வருகிறது. எச்.டி. 600 மட்டும் என் சொத்து. லட்ச ரூபாய்க் கணக்கில் பேச வேண்டிய மற்ற இரண்டும் தஞ்சாவூர் நண்பருடையவை. இரவல் கொடுப்பதில் அவர் தாராளம், திருப்பிக் கேட்பதில் கண்டிப்பு.

நாகஸ்வரத்தை ஏன் தராசாக வைக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து குழல் செய்கிறார்கள். அந்த நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பக்கத்திலேயே இருக்கும் திருவாவடுதுறை, கொறுக்கைத் தட்டையில் செய்யும் சீவாளிக்குப் பேர்போனது. இரட்டை நாக்குள்ள சீவாளியும் கூம்பாக விரியும் குழலும் சேரும்போது, ஊதுகிற சுரத்துக்கு மேலே அதன் மேற்சுரங்கள் அடுக்கடுக்காக, வலுவாகக் கிளம்புகின்றன. அவற்றில் கணிசமான பங்கு, மனிதக் காது மிகக் கூர்மையாக இருக்கும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் போய் விழுகிறது. அந்த இடத்தில் ஹெட்போன் சற்றே மிகைப்படுத்தினால் அரை மணி நேர ஆலாபனை தண்டனையாகிவிடும். சற்றே குறைத்தால் நாகஸ்வரம் கிளாரினெட் ஆகிவிடும். மற்ற வாத்தியங்கள் ஹெட்போனின் குறைகளைப் பொறுத்துப்போகும், இது பொறுக்காது.

எச்.டி. 600 இந்தச் சோதனையில் முதலிடம் வாங்குகிறது. வயதில் மூத்ததும் விலையில் குறைந்ததும் அதுதான். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) தோடி ராகத்தை இதில் கேட்க வேண்டும். உச்ச சுருதியில் கத்தும் திமிரி நாயனம் (நாயனம் என்பது நாகஸ்வரத்தின் மறுபெயர்) வழக்கத்தில் இருந்த காலத்தில், நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி கடைந்த நீண்ட பாரி நாயனத்தை எடுத்துக்கொண்டு, தாழ்ந்த சுருதியில் நின்று வாசித்தவர் அவர். அந்தத் தாழ்ந்த சுருதியில் வரும் கனத்தை, குழலுக்கு ஓர் உடம்பு இருக்கிறது என்ற உணர்வை எச்.டி. 600 அப்படியே தருகிறது. காந்தார சுரத்தை அசைத்துவிட்டு நிற்கும்போது மூச்சின் அழுத்தம் கூடிக் குறைவது தனியாகக் கேட்கிறது. பழைய 78 சுழற்சி இசைத்தட்டுகளிலிருந்து எடுத்த பதிவுகளில் மேல் அதிர்வெண்கள் அதிகம் கிடையாது, இருப்பதெல்லாம் நடுப்பகுதிதான். நடுப்பகுதியில் இந்த ஹெட்போனை மிஞ்ச, இதைப் போலப் பல மடங்கு விலையுள்ளவையும் திணறுகின்றன. வாய்ப்பாட்டுக்கும் இதே கதைதான்.

குறைகளும் உண்டு. ஐம்பது அறுபது ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி வலுவிழந்துவிடுகிறது, ஆகையால் தவிலின் தொப்பி, அதாவது கம்பால் அடிக்கும் தாழ்ந்த ஒலியுள்ள இடது பக்கம், பாதிதான் வரும். இடது காது, வலது காது, நெற்றி நடு என்று மூன்று குவியலாக ஒலி உட்கார்ந்துகொள்ளும். விரிவு என்று பெரிதாக இல்லை. 300 ஓம் மின்மறுப்பு (மின்சாரத்துக்குக் காட்டும் தடை) என்பதால் கைபேசியில் நேரடியாகச் சொருகினால் சோகையாகப் பாடும். தனி ஆம்ப்ளிஃபையர் அவசியம். புதிதில் கன்னப் பொட்டுகளை இறுக்கிப் பிடிக்கும்.

எச்.டி. 800 எஸ் முற்றிலும் வேறு பிறவி. ஒலியை எழுப்பும் 56 மில்லிமீட்டர் வளைய வடிவ ட்ரைவர், காதைவிட்டுத் தள்ளி, முன்புறமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. அதனால் ஒலி தலைக்குள்ளே இல்லாமல் முகத்துக்கு எதிரே கொஞ்சம் விலகி நிற்பதாகத் தோன்றும். சுவாமி புறப்பாட்டில், வீதி முனை திரும்பும்போது கேட்கிற நாயனத்துக்கு இந்த விலகல்தான் நியாயம் என்று நினைத்துக்கொண்டு கேட்டால், பதிவுதான் இடைஞ்சல் செய்கிறது. நம் ஊர்ப் பழைய வானொலிப் பதிவுகள் மோனோ, இடம் வலம் பிரிக்காத ஒற்றைத் தடம். எவ்வளவு பெரிய அரங்கைக் கட்டி வைத்தாலும் நாயனம், தவில், தாளம், சுருதி பிடிக்கும் ஒத்து எல்லாம் ஒரே புள்ளியில் குவிந்துதான் நிற்கும். காலி மைதானத்தின் நடுவில் ஒரு கச்சேரி.

முதல் எச்.டி. 800க்கு 6,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு மேடு உண்டு என்பது இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த புகார். 'எஸ்' வடிவில் ஒலியை உறிஞ்சும் ஓர் அமைப்பைச் சேர்த்து அதைத் தணித்தார்கள். தணிந்ததே தவிர, சுபாவம் மாறவில்லை. நாகஸ்வரக் கோஷ்டியில் தாளம் தட்டுகிறவரின் வெண்கல ஓசை ஒவ்வோர் அட்சரத்திலும் ஊசி முனையாக மேலே நிற்கிறது. பழைய இசைத்தட்டில் கீறல் முதலில் வருகிறது, தோடி பிறகு வருகிறது.

ஆனால் வீணை வேறு விஷயம். இந்த ஹெட்போனுக்காக யாராவது வீட்டில் சண்டை போட்டுப் பணம் சேர்த்தால், வீணை கேட்கிறவராக இருக்கும் பட்சத்தில் அவர் கட்சியில் நான் சேருவேன். வீணையில் மீட்டு ஒரு கணம்தான். கமகம் எல்லாம் அதற்குப் பிறகு, ஒலி தேய்ந்துகொண்டே போகும்போது, இடது கை தந்தியை, சுர இடங்களைக் குறிக்கும் மெட்டின் மேல் பக்கவாட்டில் இழுப்பதில் பிறக்கிறது. அந்தத் தேய்மானத்தை எவ்வளவு தூரம் பின்தொடர முடிகிறது என்பதில்தான் வீணைப் பதிவின் உயிர் இருக்கிறது. எச்.டி. 600 அந்த வாலைக் கொஞ்சம் முன்னதாகவே விட்டுவிடுகிறது. எச்.டி. 800 எஸ் விடுவதில்லை. சாரணி என்ற முதல் தந்தியை இழுத்து ஒரே மீட்டில் மூன்று சுரம் தொட்டு இறங்கும்போது, கடைசிச் சுரம் ஏறக்குறைய மௌனத்தில்தான் ஒலிக்கிறது. அதையும் கேட்க முடிகிறது. விரல் நுனி தந்தியில் உராயும் சின்னச் சத்தம், மெழுகில் பதித்த இருபத்து நான்கு மெட்டுகளில் ஒன்றின் மேல் தந்தி லேசாக அதிர்வது, பக்கத் தந்திகள் மீட்டாமலேயே கூடச் சேர்ந்து முனகுவது எல்லாம் கிடைக்கின்றன. ஒரே பலா மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணைக்கும் ஒட்டு வீணைக்கும் நாதத்தில் வேறுபாடு உண்டு என்று தஞ்சாவூரில் சொல்வார்கள். அந்த வேறுபாட்டைத் தேடிப்பார்க்கலாம் என்ற தைரியத்தை எனக்குக் கொடுத்தது இந்த ஹெட்போன் ஒன்றுதான்.

எல்.சி.டி. எக்ஸைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொன்னவர் நண்பர் வீட்டுக்கு வந்திருந்த ஒரு தவில் வித்துவான். 106 மில்லிமீட்டர் அகலமுள்ள மெல்லிய படலம் ஒன்று, காந்தங்களுக்கு எதிரே முழுதாக அசைகிற வகை ஹெட்போன் இது. கீழ் அதிர்வெண்கள் இறுதிவரை மட்டமாக இறங்கும். தவில் தனி ஆவர்த்தனம் ஒன்றைப் போட்டு அவர் தலையில் மாட்டினோம். கேட்கத் தொடங்கியதுமே இடது கை முழங்காலில் தொப்பியைத் தேட ஆரம்பித்துவிட்டது. பூவரசங் கம்பு தோலில் விழும் அடி, அதைத் தொடர்ந்து பலாக் கட்டைக்குள் புரளும் கும்காரம், இரண்டும் தனித்தனியாக வந்தன. பிறகு நாயனமும் தவிலும் சேர்ந்து வாசிக்கும் ரக்தி மேளம் ஒன்றைப் போட்டோம். கொஞ்ச நேரத்தில் நெற்றியைச் சுருக்கினார்.

"தம்பி, தொப்பி சரியாக இருக்கிறது. ஆனால் நாயனக்காரர் ஏன் பின்வரிசைக்குப் போய்விட்டார்?"

எச்.டி. 600ஐ எடுத்து மாட்டினோம்.

"இதில் அண்ணன் முன்னால் வந்துவிட்டார். என்னைத்தான் காணவில்லை."

அளவீட்டு வரைபடத்தைப் பார்த்தாலும் அவர் சொன்னதுதான் தெரிகிறது. இந்த ஹெட்போனில் மேல் நடுப்பகுதி பள்ளமாக இருக்கிறது. சீவாளியின் கூர்மை அந்தப் பள்ளத்தில் போய் விழுகிறது. அதிர்வெண்ணுக்கேற்ப ஒலியைக் கூட்டிக் குறைக்கும் இகுவலைசரில் 3,000, 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் சில டெசிபல் ஏற்றினால் நாயனக்காரர் முன்னுக்கு வந்துவிடுகிறார். இவ்வளவு பணம் கொடுத்து வாங்கியதைத் திருத்தித்தான் கேட்க வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் கௌரவப் பிரச்சினை எதுவும் இல்லை. 20 ஓம் மட்டுமே என்பதால் கைபேசியோடு ஒரு சின்ன டி.ஏ.சி. (டிஜிட்டல் ஒலியை அனலாக் ஆக்கும் கருவி) இணைப்பிலேயே நன்றாகப் பாடும் என்பது இதன் தனி வசதி.

என்னை இதனிடமிருந்து விலக்கியது ஒலி அல்ல, சித்திரை மாதம். எடை 612 கிராம். எச்.டி. 600 வெறும் 260 கிராம், எச்.டி. 800 எஸ் 330 கிராம். தடித்த தோல் மெத்தை காதை முழுவதுமாக அடைத்துக்கொள்ளும். அக்கினி நட்சத்திரத்தில், காவிரியில் மணல் மட்டுமே இருக்கும் பிற்பகலில், ராகம் முடிந்து பல்லவி வருவதற்குள் கழுத்துப்பட்டை நனைந்துவிடுகிறது. எச்.டி. 600இன் வெல்வெட் மெத்தை வியர்வையை உறிஞ்சினாலும் காற்று விடும். எச்.டி. 800 எஸ்ஸின் மெத்தை வளையம் எவ்வளவு பெரிதென்றால், காது எதன்மேலும் படுவதில்லை. சுகத்தில் மூன்றில் அதுதான் முதல்.

மூன்றுமே பின்புறம் திறந்த வகை என்பதால், மின்விசிறி ஓசை மூன்றிலும் உள்ளே வரும். விசிறியை நிறுத்தினால் வியர்வை, ஓட்டினால் வீணையின் வால் போய்விடும். எச்.டி. 800 எஸ்ஸின் பெருமையெல்லாம் விசிறி நின்ற, ஊர் அடங்கிய பின்னிரவுக்கு மட்டும்தான் செல்லும். மார்கழி விடியலில் அதுவும் இல்லை. கோயில் குழாய் ஒலிபெருக்கி நாலரை மணிக்கே தொடங்கிவிடும். அந்த ஒரு மாதத்துக்கு மூடிய வகையில் பேயர்டைனமிக் டி.டி. 770 புரோ போதும். ட்ரெபிள் என்னும் மேல் அதிர்வெண் பகுதி சற்றுக் காரம், நாகஸ்வரம் கேட்க ஏற்றதல்ல. ஆனால் மெத்தை வெல்வெட், விலை நியாயம். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

நெடுங்கால உபயோகம் என்று பார்த்தாலும் எச்.டி. 600 பக்கமே சாய்கிறேன். மெத்தை, தலைப்பட்டையின் பஞ்சு, கேபிள், ஏன் ட்ரைவர்கூடப் பற்றவைப்பு வேலை இல்லாமல் கையாலேயே கழற்றி மாற்றலாம். நம் வியர்வைக்கு மெத்தை சீக்கிரம் தட்டையாகிவிடும். தட்டையானால் காது ட்ரைவருக்கு நெருங்கி ஒலியும் மாறும். மாற்று மெத்தையை ஹெட்போனோடு சேர்த்தே வாங்கி வைப்பது நல்லது.

இந்த விலை ஹெட்போன்களைக் கேட்டுப் பார்த்து வாங்க வேண்டுமானால் சென்னைக்கோ பெங்களூருக்கோ போக வேண்டும். கடைக்காரர் போட்டுக்காட்டும் பாட்டு எதிலும் எல்லா ஹெட்போனும் நன்றாகத்தான் இருக்கும். நீங்கள் வீட்டில் கேட்கும் நாகஸ்வரப் பதிவைக் கைபேசியில் கொண்டுபோங்கள். தார (மேல்) ஸ்தாயியில் நீண்டு நிற்கும் ஒரு சுரத்தில் ஒலியளவை உயர்த்திப் பாருங்கள். கை தானாகக் குறைக்கப் போனால் அந்த ஹெட்போனைக் கீழே வைத்துவிடலாம். அடுத்து தவில் தனி. கடைசியாக ஒலியளவை நன்றாகக் குறைத்து, நாயனக்காரர் மூச்சு வாங்கும் இடைவெளிகளில் ஒத்தோ சுருதிப் பெட்டியோ அறுபடாமல் கேட்கிறதா என்று கவனியுங்கள். கடையில் ஏ.சி. ஓடுமே என்பீர்கள்; வீட்டில் விசிறி ஓடுகிறது, இரண்டும் ஒன்றுதான்.