ஆக்டிவாவுக்குப் பச்சை டப்பா சாமான்கள்: சில வருட அனுபவம், ஒரு தீராத எரிச்சல்

ஜிஎஸ்டி குறைந்ததிலிருந்து தங்கச்சி வீட்டுக்காரர் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். "மச்சான், உங்க வண்டியில போட்டிருக்கீங்களே அந்தப் பச்சை டப்பா கம்பெனி சாமான், விலை இறங்கியிருக்காமே, என் ஆக்டிவாவுக்கும் மொத்தமா மாத்திடலாமா?" போனில் ஆரம்பித்தால் லேசில் முடியாது. அதுவும் போன வாரம் மெக்கானிக் கடை வாசலில் அரை நாள் நின்றுவிட்டு வந்த சூடு இன்னும் அடங்கவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன். கம்பெனி பேர் வேண்டாம். எங்கள் வீட்டில் பச்சை டப்பா என்றால் புரியும், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

விலையை முதலில் முடித்துவிடலாம். 2025 செப்டம்பர் 22 முதல் டூவீலர் சாமான்களுக்கு 28 சதவீத வரி 18 ஆனது. 1,536 ரூபாய்க்கு விற்ற சைடு கார்டு (வண்டி பாடி அடிபடாமல் பக்கவாட்டில் மாட்டும் பைப்) 1,416 ஆனது. பழைய ஸ்டாக்கில் புது விலை ஸ்டிக்கர் ஒட்டி விற்றார்கள். மிச்சம் 120 ரூபாய். இதற்காக நன்றாக ஓடுகிற வண்டியைப் பிரித்துப் போட வேண்டாம்.

என்னுடையது கார்புரேட்டர் காலத்து 109 சிசி ஆக்டிவா. இருப்பது சென்னை திருவான்மியூர், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி. இந்தக் கடல் காற்றை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நல்லதிலிருந்தே வருகிறேன். இவர்களுடைய ரோலர் செட் பிரமாதம். ஸ்கூட்டரில் கியர் வேலை பார்ப்பதே வேரியேட்டருக்குள், அதாவது பெல்ட் ஓடும் முன்பக்கப் புல்லிக்குள், இருக்கும் அந்த ஆறு ரோலர்கள்தான். இன்ஜின் வேகம் ஏற ஏற அவை வெளிப்பக்கம் ஓடி, புல்லியை நெருக்கி, பெல்ட்டை மேலே தள்ள வேண்டும். ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகிவிட்டால் உருளாது. இன்ஜின் கத்தும், வண்டி போகாது, மத்திய கைலாஷ் சிக்னலில் பச்சை விழுந்ததும் ஒரு உதறு உதறும். இதற்கு முன் வண்டிச் சாமான் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் லூஸில் வாங்கிப் போட்ட செட் ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. பச்சை டப்பா செட்டைப் பிரித்ததும், பழக்கமான நகைக் கடைப் பையனிடம் கொடுத்துத் தராசில் வைக்கச் சொன்னேன். ஆறும் ஒரே எடை. பாக்கெட்டில் அச்சடித்திருந்த அதே எடை. பையனே ஒரு முறை தராசைத் துடைத்துவிட்டுத் திரும்ப வைத்துப் பார்த்தான். ரோலருக்குப் பின்னால் இருக்கும் தகடு ஆடாமல் நகர உதவும் ஸ்லைடு பீஸ் மூன்றையும் அதே பாக்கெட்டில் போட்டிருந்தார்கள். மற்றவர்கள் அதைத் தனியாக விற்பார்கள், கேட்காவிட்டால் கடைக்காரர் தரவும் மாட்டார். போட்ட பிறகு வண்டி இழுத்த இழுப்பு புது வண்டி மாதிரி. (எடை குறைந்த ரோலர் போட்டால் பிக்கப் பறக்கும் என்று சில கடையில் தலையில் கட்டுவார்கள். பறக்கும், பெட்ரோலும் சேர்ந்து பறக்கும். கம்பெனி சொன்ன எடையைத் தாண்டாதீர்கள்.)

பிரேக் ஷூவும் அப்படித்தான். 130 எம்எம் டிரம்முக்குக் கச்சிதமாக உட்கார்ந்தது, கீச்சு சத்தம் இல்லை. ஆக்ஸிலேட்டர் கேபிள், பை மாட்டும் ஹூக் இரண்டும் இன்று வரை குறை வைக்கவில்லை. ஹூக்கில் அரிசிப் பையைத் தொங்கவிட்டு வந்திருக்கிறேன்.

இனி கார்டு.

ஆக்டிவாவுக்குத் தகர பாடி. அதுதான் அதன் பெருமை, அதுதான் தலைவலியும். பிளாஸ்டிக் என்றால் கீறலோடு போகும். தகரம் என்றால் நசுங்கும். டிங்கரிங், பட்டி, பெயின்ட் என்று ஆயிரக்கணக்கில் இழுக்கும், அப்படியும் கலர் பழைய பெயின்டோடு ஒத்துப்போகாது. பறக்கும் ரயில் ஸ்டேஷன் பார்க்கிங்கில் வண்டி விடுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இடம் இல்லாத இடத்தில் நம் வண்டியைத் தூக்கி நகர்த்தி, அடுத்த வண்டியைச் செருகுவார்கள். அதனால் இவர்களிடமே சைடு கார்டும் வாங்கினேன். பைப் கனம், வெல்டிங் சுத்தம், பெயின்ட் உரியவில்லை. அடையாறு சிக்னலில் ஒரு ஷேர் ஆட்டோ உரசிக்கொண்டு போனபோது கார்டில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்ததோடு சரி, பாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஒரு தடவையிலேயே காசு வசூல். இதை மறைக்க எனக்கு மனசில்லை.

ஆனால் இடது பக்கக் கார்டின் பைப், பெல்ட் இருக்கும் கவருக்கு நேர் குறுக்கே போகிறது. கவரின் 8 நம்பர் போல்ட்டுகளில் இரண்டு அதன் பின்னால் ஒளிந்துகொள்கின்றன, பாக்ஸ் ஸ்பேனர் நுழையாது. ஆக, பச்சை டப்பா ரோலரை மாட்ட வேண்டுமென்றால் பச்சை டப்பா கார்டைக் கழட்டியாக வேண்டும். ஒரே கம்பெனி, ஒரே வண்டிக்குச் செய்கிற இரண்டு சாமான். கார்டு டிசைன் செய்கிறவரும் ரோலர் செய்கிறவரும் கேன்டீனில்கூடச் சந்தித்துக்கொள்வதில்லை போலிருக்கிறது.

கழட்டுவது சுலபம் என்றால் அதையும் பொறுத்துக்கொள்ளலாம். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று தலையில் அறுகோணக் குழி இருக்கும் உருண்டைத் தலை ஆலன் போல்ட் கொடுத்திருக்கிறார்கள். கார்டு இருப்பது சக்கரத்துக்குப் பக்கத்தில். சேறு தெறித்து அந்த அறுகோணக் குழியில் உட்காரும், அதன் மேல் உப்புக் காற்று. ரோலரைத் திரும்ப மாற்றலாம் என்று போன வாரம் கொண்டுபோய் நிறுத்தினேன். குழி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, செங்கல் பொடியை அடைத்து வைத்தது போலத் துரு. மெக்கானிக் ஊசியால் சுரண்டி, ஆலன் கீயை வைத்து ஒரு திருப்பு திருப்பினார். கீ உள்ளேயே சுற்றியது. நிமிர்ந்து பார்த்து, "சார், இத மாட்டுனவன இட்டாந்து நீயே கழட்டுன்னு சொல்லுங்க" என்றார்.

ஸ்ப்ரே அடித்து, டீ குடித்துவிட்டு வந்து, உளியை ஓரத்தில் வைத்துத் தட்டித் தட்டி நாலு போல்ட்டைத் திருப்பினார். மீதி இரண்டும் அசையவில்லை. கிரைண்டர் வந்தது. ஈரத் துணி போட்டுத்தான் அறுத்தார், பாவம், அவரைக் குறை சொல்ல முடியாது. அப்படியும் துணி மூடாத இடத்தில் பொறி தெறித்து, பாடி பெயின்டில் கறுப்பாகப் பொட்டுப் பொட்டாக விழுந்திருக்கிறது. ஷேர் ஆட்டோவிடமிருந்து கார்டு காப்பாற்றிய அதே இடத்தில். ரோலர் மாற்றக் கூலி 250. கார்டு கழட்டக் கூலி 400. கழட்டிய பைப்பைச் சாய்த்ததும் உள்ளேயிருந்து சிவப்புத் தண்ணீர் ஊற்றியது. பைப் முனையை அடைக்கும் பிளாஸ்டிக் மூடி எப்போது கழன்று விழுந்ததோ தெரியாது.

டப்பாவில் இருந்த நம்பருக்கு அடித்தேன். நன்றாகவே பேசினார்கள். நான் கத்தியும் அந்தப் பெண் குரலை உயர்த்தவில்லை. "போல்ட் செட் ஃப்ரீயா அனுப்புறோம் சார், அட்ரஸ் சொல்லுங்க" என்றார். மூன்றாம் நாள் கூரியர் வந்தது. ஒரு ரூபாய் கேட்கவில்லை. இந்த ஊரில் 1,500 ரூபாய் சாமானுக்கு யார் இப்படி மதித்துச் செய்கிறார்கள் என்று நெகிழ்ந்துபோய்த்தான் பிரித்தேன். உள்ளே ஆறு போல்ட். அதே ஆலன் போல்ட்.

மாப்பிள்ளை, சாமான் தரம் என்று கேட்டால், நான் இத்தனை வருஷம் வாங்கியதில் இவர்களுக்குத்தான் முதல் இடம். வாங்கலாமா என்று கேட்டால், வேண்டாம். ரோலரும் வேண்டாமா என்றால் அதுவும் வேண்டாம். ஆறு ரோலரையும் அச்சுப் பிசகாமல் ஒரே எடையில் செய்யத் தெரிந்தவர்களுக்கு, சக்கரத்துக்குப் பக்கத்தில் என்ன போல்ட் போட வேண்டும் என்று தெரியாது என்றால் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. தெரிந்தும் அழகுக்காகச் செய்திருந்தால் இன்னும் மோசம். இந்தச் சூடு ஆறிய பிறகு, அடுத்த மாதம் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ. கார்டு இப்போது மறுபடியும் என் வண்டியில்தான் இருக்கிறது.

எப்படியும் நீங்கள் வாங்குவீர்கள், எனக்குத் தெரியும். வாங்கினால் டப்பாவில் வரும் போல்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, அதே அளவில் ஸ்டெயின்லெஸ் போல்ட் வெளியே வாங்குங்கள். ஸ்பேனர் பிடிக்கிற மாதிரி சாதாரண அறுகோணத் தலை இருக்கட்டும். "செட்லயே போல்ட் இருக்கே சார்" என்று கடைக்காரர் சொல்லுவார், கேட்காதீர்கள். மரையில் கிரீஸ் தடவி மாட்டச் சொல்லுங்கள். பைப் முனை மூடிகளைச் சிலிக்கான் வைத்து ஒட்டிவிடுங்கள், மழைக்கு முன்னால்.