மேசையிலா, பில்லிலா: கருத்துக் கேட்கும் க்யூஆர் குறியீட்டுக்கு ஏற்ற இடம்

செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாகக் கேரளத்துக்குச் செல்லும் சாலையோர உணவகங்கள், கூகுளில் கருத்துப் பதியச் சொல்லும் க்யூஆர் குறியீட்டை இரண்டு இடங்களில் வைக்கலாம்.

மேசையில் ஒட்டினால், தோசைக்குக் காத்திருப்பவரின் கண்ணில் அது உடனே படும். ஆனால் சாப்பிடும் முன்பே கருத்துக் கேட்பது முறையன்று. சாப்பிட்டு முடித்தவரோ கை கழுவ எழுந்துவிடுவார். பணம் செலுத்தும் குறியீடும் அருகிலேயே இருந்தால் குழப்பம்தான் மிஞ்சும். கறையைப் பற்றி மட்டும் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை: 1994இல் ஜப்பானில் உருவான இக்குறியீட்டை உயர்ந்த பிழைதிருத்த நிலையில், அதாவது சிதைந்த பகுதியை மீதிப் பகுதியே ஈடுசெய்யும் அமைப்பில், அச்சிட்டால், ஏறத்தாழ 30 சதவீதம் சிதைந்தாலும் கைப்பேசி படித்துவிடும்.

பில்லில் அச்சிட்டதோ வாடிக்கையாளருடனேயே பயணிக்கிறது. கார்த்திகையில் சபரிமலைக்குச் செல்லும் பக்தர், வண்டியில் அமர்ந்தபின் தமிழிலோ மலையாளத்திலோ நிதானமாக எழுதலாம். சூட்டால் எழுத்துப் பதியும் பில் தாளான வெப்பத்தாளில் அச்சு நாளடைவில் மங்கும் என்றாலும், கல்லாவில் இருப்பவர் பில்லைக் கொடுக்கும்போதே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள முடிவதால், நான் பில்லையே பரிந்துரைப்பேன்.

எங்கே வைத்தாலும், நல்ல கருத்துக்கு இலவசத் தேநீர் என்று மட்டும் எழுத வேண்டாம்; கூகுளின் விதிகள் அதை அனுமதிப்பதில்லை.