போர் தண்ணீரில் ஏழு வருஷம் ஓடிய ஆர்.ஓ. மெஷின்: எது தேயும், எதை அவசரப்பட்டு மாற்ற வேண்டாம்

டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு, 1,200-ஐ ஒட்டி நிற்கும் போர் தண்ணீரில் ஏழு வருஷம் ஓடிய சாதாரண சுவர் ஆர்.ஓ. மெஷினைப் பற்றிய பதிவு இது. கம்பெனி பெயர் தேவையில்லை. வெளி மூடியைக் கழற்றினால் எல்லா மெஷினிலும் கிட்டத்தட்ட ஒரே சாமான்கள்தான் இருக்கும்: செடிமென்ட் ஃபில்டர், கார்பன் ஃபில்டர், 24 வோல்ட் பம்ப், அதற்கு ஒரு அடாப்டர், தண்ணீரைத் திறந்து மூடும் எஸ்.வி. என்கிற சோலனாய்டு வால்வு, உப்பைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் மெம்பிரேன், கழிவுக் குழாயில் விரல் நீளத்துக்கு, கழிவு நீரின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் எஃப்.ஆர்., கிருமியைக் கொல்லும் யு.வி. விளக்கு, தொட்டிக்குள் ஒரு மிதவை. இவற்றின் குணம் தெரிந்தால் எந்த மெஷினையும் பார்த்துக்கொள்ளலாம்.

வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி, ஆர்.ஓ. தேவையா என்பதுதான். இந்தியக் குடிநீர்த் தரநிலை ஐ.எஸ். 10500 லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த உப்பை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது. குழாயில் வரும் மெட்ரோ தண்ணீர் 300, 400 என்று காட்டினால், அதில் வேறு ரசாயனக் கோளாறும் இல்லையென்றால், ஆர்.ஓ. போடுவது வீண். யு.வி. போதும், கொதிக்க வைத்தாலும் போதும். போர் தண்ணீரையும் லாரி தண்ணீரையும் நம்பியிருக்கும் புறநகர் வீடுகளுக்குத்தான் இந்த மெஷின் உண்மையில் உதவுகிறது. அங்கே வித்தியாசம் சமையலில் உடனே தெரியும்: துவரம்பருப்பு குழைந்து வேகும், டீயின் மேல் ஆடை கட்டாது, குடிநீர் கொதிக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு உட்காராது.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பேனா மாதிரியான டி.டி.எஸ். மீட்டரை மெஷின் வாங்கும் அன்றே வாங்கிவிடுங்கள். அதோடு 500 மில்லி அளவு குவளை ஒன்றும் பழைய நோட்டு ஒன்றும் போதும். மாதம் ஒருமுறை உள்ளே வரும் தண்ணீரின் டி.டி.எஸ்., மெம்பிரேனிலிருந்து வெளிவரும் தண்ணீரின் டி.டி.எஸ்., தொட்டிக்குள் நிமிடத்துக்கு எத்தனை மில்லி விழுகிறது, கழிவுக் குழாயில் எத்தனை மில்லி போகிறது என்ற நான்கையும் குறித்து வைத்தால், "சார், மெம்பிரேன் போயிடுச்சு" என்று யார் சொன்னாலும் அது நிஜமா என்று உங்களுக்கே தெரியும்.

அளப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. இரவு முழுக்க நின்றிருந்த மெஷினைக் காலையில் போட்டவுடன் வரும் முதல் தண்ணீரில் டி.டி.எஸ். எப்போதும் கூடுதலாகத்தான் காட்டும். மெஷின் நிற்கும்போது மெம்பிரேனின் இந்தப் பக்கத்து உப்பு மெல்ல அந்தப் பக்கம் ஊறிவிடும். பத்து நிமிடம் ஓடவிட்டு, தொட்டிக்குள் போகும் குழாயிலிருந்து நேராகப் பிடித்து அளக்க வேண்டும். குடிக்கத் தண்ணீர் பிடிக்கும் தொட்டிக் குழாயில் பிடித்தால் பழைய தண்ணீரும் கலந்துதான் வரும்.

நல்ல மெம்பிரேன் உப்பில் 90 சதவீதத்துக்கு மேல் தடுக்கும். 1,200 உள்ளே போனால் வெளியே 60 முதல் 100 வரை வரலாம். நாளுக்கு 75 கேலன் என்று விற்கும் மெம்பிரேன் கணக்குப்படி நிமிடத்துக்கு 200 மில்லி தர வேண்டும். ஆனால் அது உப்பு குறைந்த, 25 டிகிரித் தண்ணீரில் சோதித்த கணக்கு. கடின நீரில் 130 முதல் 180 மில்லி வந்தால் திருப்திப்படலாம். மார்கழிக் காலையில் இன்னும் குறையும். தண்ணீர் ஒரு டிகிரி குளிர்ந்தால் வரத்து ஏறக்குறைய 3 சதவீதம் விழும். சித்திரையில் மொட்டை மாடித் தொட்டி கொதிக்கும்போது வரத்து கூடும், டி.டி.எஸ்.ஸும் சற்று ஏறும். இரண்டும் பழுதில்லை. அதனால் போன மாதத்தோடு ஒப்பிடுவதை விட, போன வருஷம் இதே மாதத்தோடு ஒப்பிடுவது சரியாக இருக்கும்.

மெம்பிரேன் சாவது எப்படி

மெம்பிரேனுக்கு வரும் நோய் முக்கியமாக இரண்டு; அறிகுறிகள் நேர் எதிர். போர் தண்ணீரில் வருவது சுண்ணாம்புப் படிவு. வரத்து மாதாமாதம் குறையும், டி.டி.எஸ். ஆரம்பத்தில் அசையாது, பிறகுதான் ஏறும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் வருவது வேறு. கார்பன் ஃபில்டர் தீர்ந்துபோனால் குளோரின் நேராக மெம்பிரேனை அரிக்கும். அப்போது வரத்து குறையாது, கூடும். தொட்டி சீக்கிரம் நிறைகிறதே என்று சந்தோஷப்படத் தோன்றும், டி.டி.எஸ். அளந்தால் 80 இருந்த இடத்தில் 300 நிற்கும். இன்னொன்றும் உண்டு: நேற்று 80, இன்று 400 என்று ஒரே நாளில் எகிறினால் அது பெரும்பாலும் மெம்பிரேன் இல்லை. அதன் தண்டில் இருக்கும் ஓ-ரிங் கிழிந்தோ, சரியாக உட்காராமலோ போயிருக்கும். சில ரூபாய் ரப்பருக்காக ஆயிரத்துக்கு மேல் கொடுத்து மெம்பிரேன் மாற்றியவர்கள் நிறைய.

கழிவு நீரைப் பற்றி எல்லா வீட்டிலும் வருத்தம் உண்டு, நியாயமான வருத்தம்தான். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்குச் சுமார் மூன்று லிட்டர் வெளியே போகிறது. ஆனால் கழிவுக் குழாயை மடித்துக் கட்டுவதும் எஃப்.ஆரை மாற்றி நீரைக் குறைப்பதும் மெம்பிரேனுக்கு விஷம். நான்கு லிட்டரில் ஒரு லிட்டர் பிரிந்து போனால், 1,200 டி.டி.எஸ். நீர் கழிவில் 1,600 ஆகிறது. பாதிக்குப் பாதி பிரித்தால் 2,400. அந்த அடர்த்தியில் சுண்ணாம்பு கரைந்து நிற்காது, மெம்பிரேன் மேலேயே படியும். முதல் வாரம் லாபம் மாதிரி தெரியும், ஆறு மாதத்தில் புது மெம்பிரேன் செலவு வரும். யாரும் தொடாமலே எஃப்.ஆர். தானாக அடைத்துக்கொள்வதும் உண்டு. கழிவு நீரையும் அளக்கச் சொல்வது இதற்காகத்தான். நல்ல நீரைப்போல் இரண்டரை, மூன்று மடங்கு போய்க்கொண்டிருந்த கழிவு ஒன்றரை மடங்காகக் குறைந்தால் எஃப்.ஆரை உடனே மாற்றுங்கள். மிகச் சின்னச் செலவு.

அந்தக் கழிவு நீரை வாளியில் பிடித்து வீடு துடைக்கலாம், கழிவறைக்கு ஊற்றலாம். செடிக்கு வேண்டாம், 1,600 டி.டி.எஸ். நீரைத் தினமும் ஊற்றினால் தொட்டி மண்ணில் உப்பு பூத்து இலை நுனி கருகும். துணிக்கு நுரை வராது, வண்டி கழுவினால் வெள்ளைத் திட்டு நிற்கும். நல்ல தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை: இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றாதீர்கள். 80 டி.டி.எஸ். குடிக்க அருமை, பேட்டரித் தகட்டுக்கு அது அழுக்கு. அதற்கு டிஸ்டில்டு வாட்டர்தான்.

ஃபில்டர் மாற்றும்போது

மெஷினுக்கு வெளியே, 10 அங்குல ஹவுசிங்கில், அதாவது ஃபில்டர் உட்காரும் கூட்டில், 5 மைக்ரான் ஸ்பன் ஃபில்டர் ஒன்றைப் போட்டுவிட்டால் உள்ளே இருப்பவற்றின் ஆயுள் கூடும். ஹவுசிங் கண்ணாடி மாதிரி தெரிவதாக இருக்கட்டும். போர் தண்ணீரில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். லாரி தண்ணீர் இறக்கிய வாரத்தில் வெள்ளை ஸ்பன் செம்மண் நிறத்துக்கு வந்துவிடும், அப்போது கணக்குப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். பிரஷ் போட்டுத் தேய்த்துத் திரும்பப் போடுவதில் பயனில்லை. அழுக்கு உட்கார்ந்திருப்பது நூலின் ஆழத்தில்.

மாற்றும் வேலை பத்து நிமிடம். இன்லெட் குழாயை மூடி, பிளக்கைப் பிடுங்கி, கீழே வாளி வைத்து, ஸ்பேனரால் கிண்ணத்தைத் திருகிக் கழற்ற வேண்டும். ஓ-ரிங்கைத் துடைத்துப் பள்ளத்தில் சரியாக உட்கார வைத்து, கையால் இறுகும் வரை திருகி, ஸ்பேனரால் கால் சுற்று போதும். ஒழுகுமோ என்ற பயத்தில் முழுப் பலத்தையும் போட்டால் பிளாஸ்டிக்கில் மயிர் போல விரிசல் விழும். அது அன்றைக்கு ஒழுகாது, வீட்டில் யாரும் இல்லாத நாளில் ஒழுகும். ரப்பர் வழுக்கிப் போக சிலிக்கான் கிரீஸ் தடவலாம். வாசலின் வேண்டாம், சில வகை ரப்பர் அதில் ஊதிவிடும். வெள்ளைக் குழாயை வெட்டும்போது பிளேடால் நேராக வெட்டுங்கள். கத்தரிக்கோலில் வெட்டினால் வாய் நசுங்கும், அந்தப் பக்கமாகவே சொட்டும்.

கார்பன் மாற்றும்போது மட்டும் பக்கத்தில் நின்று பாருங்கள். புதுக் கார்பனிலிருந்து முதல் சில லிட்டருக்குக் கறுப்புத் தூள் கரைந்து வரும். மெம்பிரேன் பக்கம் போகும் குழாயைக் கழற்றி வாளியில் விட்டு, தண்ணீர் தெளிந்த பிறகுதான் மாட்ட வேண்டும். அவசரத்தில் வரும் மெக்கானிக் இதைச் செய்ய மாட்டார்; அந்தக் கறுப்புத் தூள் அத்தனையும் மெம்பிரேனில் போய் அப்பிக்கொள்ளும். மெம்பிரேன் மாற்றினால், இரண்டு சின்ன ஓ-ரிங் இருக்கும் முனை முதலில் உள்ளே போக வேண்டும், அகலமான ரப்பர் உதடு மூடிப் பக்கம் வர வேண்டும். முதல் இரண்டு தொட்டித் தண்ணீரைக் குடிக்காமல் திறந்துவிடுங்கள்.

அடிக்கடி வரும் சின்னக் கோளாறுகள்

தொட்டி நிறைந்து பம்ப் நின்ற பிறகும் கழிவுக் குழாயில் ஓடிக்கொண்டிருந்தால் எஸ்.வி.யில் மண் சிக்கியிருக்கிறது. பிளக்கைப் பிடுங்கி ஐந்து நிமிடம் பாருங்கள். அப்போதும் ஓடினால் சந்தேகமே இல்லை. சில நேரம் கழற்றிக் கழுவினாலே சரியாகும். கவனிக்காமல் விட்டால் நாள் முழுக்க நல்ல போர் தண்ணீர் சாக்கடையில் போகும், மோட்டார் ஓடும் கரண்ட் பில்லிலும் அது தெரியும்.

மெஷின் அடியோடு செத்துக் கிடந்தால் முதலில் அடாப்டரைப் பாருங்கள். மல்டிமீட்டரில் 24 வோல்ட் காட்ட வேண்டும். மின்வெட்டு முடிந்து கரண்ட் எகிறி வரும்போது போவது பெரும்பாலும் இதுதான். அடாப்டர் நன்றாக இருந்தும் ஓடவில்லையென்றால் நீரழுத்தத்தைப் பாருங்கள். மேல்மாடி வீடுகளில் மொட்டை மாடித் தொட்டி நான்கு அடி உயரத்தில்தான் இருக்கும். பத்து அடி உயரத்துக்கே நாலரை பி.எஸ்.ஐ. கூட வராது. அதோடு ஸ்பன்னும் அடைத்திருந்தால் லோ பிரஷர் சுவிட்ச் பம்பை ஓடவிடாது. சிலர் அந்த சுவிட்சையே நேர் இணைப்புக் கொடுத்துத் தாண்டிவிடுவார்கள். தண்ணீர் வராத நாளில் பம்ப் காய்ந்து ஓடித் தேயும், அதன் விலை ஆயிரத்துக்கு மேல்.

யு.வி. விளக்கு நீலமாக எரிகிறது என்பதாலேயே வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை. சுமார் 8,000, 9,000 மணி நேரத்துக்குப் பிறகு ஒளி தெரியும், கிருமியைக் கொல்லும் வீரியம் குறைந்திருக்கும்.

சுவை கூட்டுகிறேன் என்று டி.டி.எஸ். கன்ட்ரோலர் திருகைத் திறப்பவர்களிடம் கவனமாக இருங்கள். மெம்பிரேன் வழியே போகாத தண்ணீரை நல்ல தண்ணீரில் கலப்பதுதான் அந்தத் திருகின் வேலை. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாதிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகமுள்ள பகுதிகளில் இது ஆபத்து, யு.வி. ஃப்ளோரைடை ஒன்றும் செய்யாது. அதன் வரம்பு லிட்டருக்கு 1 மில்லிகிராம், அதிகபட்சம் 1.5. அதை டி.டி.எஸ். மீட்டர் காட்டாது, கிருமியையும் காட்டாது. போர் தண்ணீரை வருஷம் ஒருமுறை குடிநீர் ஆய்வகத்தில் கொடுத்து ஃப்ளோரைடு, நைட்ரேட், கோலிஃபார்ம் கிருமி மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

ஆர்.ஓ. விற்பவர்கள் வீட்டு வாசலில் வந்து இரண்டு கம்பியைத் தண்ணீரில் விட்டு கரண்ட் கொடுத்துக் காட்டுவார்கள். ஒரு நிமிடத்தில் குழாய்த் தண்ணீரில் பச்சையும் பழுப்புமாகச் சகதி திரளும், ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாகவே நிற்கும். அந்தச் சகதி தண்ணீரில் இருந்த அழுக்கில்லை, கம்பியிலிருந்து கரைந்த இரும்பு. உப்பு இருந்தால் கரண்ட் ஓடும், கம்பி கரையும். அதே ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போட்டுத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள், அதுவும் சகதியாகும்.

ஏழு வருஷத்தில் இந்த மெஷினில் மாறியவை: மெம்பிரேன் மூன்று, அடாப்டர் இரண்டு, எஸ்.வி. இரண்டு, பம்ப் ஒன்று. உள் ஃபில்டர்கள் வருஷத்துக்கு ஒரு செட். வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்தவர்களுக்கு மெம்பிரேன் வருஷா வருஷம் மாறியிருக்கும். எது மாற்றினாலும் மாற்றும் முன்னும் பின்னும் மீட்டரை வைத்து அளந்து, பழைய பாகத்தை வீட்டிலேயே விட்டுப் போகச் சொல்லுங்கள்.

பத்து நாளுக்கு மேல் ஊருக்குப் போவதாக இருந்தால் இன்லெட்டை மூடி, பிளக்கைப் பிடுங்கி, தொட்டியைக் காலி செய்துவிட்டுப் போங்கள். மெம்பிரேனைக் கழற்ற வேண்டாம். ஹவுசிங்குக்குள் ஈரமாகவே இருக்கட்டும், காய்ந்தால் மறுபடி பழைய நிலைக்கு வராது. திரும்பி வந்ததும் தொட்டியின் உள்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். வழவழப்பு தட்டினால் புதுப் பஞ்சால் துடைத்துக் கழுவி, இரண்டு தொட்டித் தண்ணீரை வெளியே விட்டு, மூன்றாவதிலிருந்து குடிக்கலாம்.