முதுமை ஆய்வுக்கு எது: சுண்டெலியா, எலி லெமூரா?

எந்த விலங்கை எடுப்பது என்று குழம்பும் ஆய்வு மாணவர்களுக்காக:

ஆயுள்: சுண்டெலிக்கு 2, 3 ஆண்டுகள். மடகாஸ்கரின் சாம்பல் எலி லெமூர் வளர்ப்பில் 8, 10 ஆண்டுகள் வாழும். 18 தொட்டதும் உண்டு.

இனப்பெருக்கம்: சுண்டெலி 3 வாரத்தில் குட்டி போடும், ஆண்டு முழுக்க. லெமூருக்கு 2 மாதக் கர்ப்பம், அதுவும் பருவத்தில் மட்டும்.

செலவு: சுண்டெலிதான் மலிவு.

மனிதனோடு நெருக்கம்: இங்கேதான் லெமூர் என்னைக் கவர்கிறது. 60 கிராம்தான் எடை, ஆனாலும் நம்மைப் போல ஒரு முதனி (குரங்குகளும் மனிதனும் அடங்கிய பாலூட்டி வரிசை)! வயதானால் கண்புரை வரும். சிலவற்றின் மூளையில் அல்சைமர் நோயில் காணும் அமிலாய்டு என்னும் புரதப் படிவுகள் தானாகவே உண்டாகும்; சுண்டெலியிலோ அதற்கு மரபணுவை மாற்றியாக வேண்டும்.

சரி, மருந்தை விரைவாகச் சோதிக்கச் சுண்டெலி போதும். மூளை மூப்படைவதைப் பின்தொடர லெமூர், பல ஆண்டுகள் காத்திருக்க முடிந்தால்.