டீசல் அவருடையது, நேரம் நம்முடையது

திருப்பூரை விட்டு ஊருக்கு வந்து நிலத்தைக் கையில் எடுத்திருக்கும் மச்சான் ஒருவன் போனில் கேட்டான். "அத்தான், அறுப்பு வண்டியை மணிக்கணக்குல விடுறதா, மாவுக்கு இவ்வளவுன்னு பேசிக்கிறதா? டீசல் நாமளே போட்டா மிச்சமா?" மா என்பது எங்கள் பக்கத்து நில அளவு, மூன்று மா ஒரு ஏக்கர். பாதி பதிலைப் போனிலேயே சொல்லிவிட்டேன். மீதியை இங்கே எழுதுகிறேன். 2025 தைக் கணக்கைத் தீர்த்த சூடு இன்னும் ஆறவில்லை, அதனால் சில வரிகள் கொஞ்சம் காரமாக இருக்கும்.

எங்களுக்கு மன்னார்குடி பக்கம். ஆற்றுப் பாசனம், களிமண். சொந்தமாக ஒரு பவர் டில்லர்கூடக் கிடையாது. உழவு, சேறடிப்பு, அறுப்பு, வைக்கோல் கட்டு எல்லாமே பல வருஷமாக வாடகை வண்டிதான். ரப்பர் பெல்ட்டில் ஓடும் வண்டியா டயர் வண்டியா என்ற பஞ்சாயத்துக்குள் நான் நீளமாகப் போகப்போவதில்லை. சம்பா நெல் நிற்கும்போதே, அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் ஈரத்தில் உளுந்து தெளித்துவிடுகிறோம். முளைத்து வரும் உளுந்தின் மேல் டயர் ஏறினால் பள்ளமாகத் தடம் விழும், அதில் தண்ணீர் கட்டும், அந்தத் தடம் முழுக்க உளுந்து போனதுதான். பெல்ட் வண்டி திரும்பும் இடத்தில் மட்டும் மண்ணை அரைக்கும். ஆகவே காசு கூடுதலானாலும் பெல்ட்.

விலைக்கு வருவோம். 2021 தையில் மணிக்கு 1,800 ரூபாய் கொடுத்தேன். 2025 தையில் 2,500. பொங்கல் கழித்துப் பெய்த மழைக்குப் பிறகு 2,800 கேட்டவர்களும் உண்டு. அரசின் வேளாண்மைப் பொறியியல் துறை வண்டி அப்போது டயர் என்றால் மணிக்கு 1,160, பெல்ட் என்றால் 1,880. உழவன் செயலியில் பதிந்துகொள்ளலாம். கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். ஆனால் டெல்டா முழுக்க ஏறக்குறைய ஒரே சமயத்தில் பழுத்து நிற்கிறது, எல்லோருக்கும் அதே வாரம் வண்டி வேண்டும். எனவே ஆத்தூர், சேலம் பக்கத்திலிருந்து லாரியில் ஏறி வரும் தனியார் வண்டிகளும், அவற்றை ஊருக்குள் பிரித்துவிடும் புரோக்கருமாகத்தான் எங்கள் அறுப்பு நடக்கிறது. அதிகாரிகள், வண்டி உரிமையாளர்கள், விவசாயிகள் என்று முத்தரப்புக் கூட்டம் போட்டு விலை நிர்ணயிப்பார்கள். வெயில் அடிக்கும்வரை அந்த விலைதான் பேச்சு. வானம் கறுத்தால் பேச்சு மாறிவிடும்.

அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் சன்ன ரகத்துக்கு 2020-21இல் குவிண்டாலுக்கு 1,958 ரூபாய் கிடைத்தது. 2024-25இல் ஊக்கத்தொகையும் சேர்த்து 2,450. அதாவது முன்பு ஒரு குவிண்டால் நெல்லைப் போட்டால் ஒரு மணி வண்டி வாடகை போகக் கையில் கொஞ்சம் நின்றது. 2025 தையில் குவிண்டால் காசுக்கு மேல் இன்னும் ஐம்பது ரூபாய் நாம் போடவேண்டியிருந்தது. நிமிர்ந்து நிற்கும் பயிர் என்றால் ஏக்கருக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும், தாங்கலாம். சாய்ந்த பயிர் இரண்டு, இரண்டரை மணி நேரம் இழுக்கும். மழை வயலில் நெல்லையும் குறைத்துவிட்டு, வண்டியில் நேரத்தையும் கூட்டிவிடுகிறது.

சரி, டீசல். வாடகை ஏன் ஏறியது என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "டீசல் விக்கிற வெலையில…" இதைக் கேட்டுக் கேட்டு ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பெல்ட் வண்டி மணிக்கு எட்டு ஒன்பது லிட்டர் குடிக்கிறது, இது டிரைவர்களே சொல்வது. 2021 தையில் சென்னை விலை லிட்டர் 80 ரூபாயை ஒட்டி இருந்தது, 2025 தையில் 92 சொச்சம். எங்கள் பக்கம் முன்பின் இருக்கும், வித்தியாசம் அதேதான். லிட்டருக்குப் பன்னிரண்டு ரூபாய் என்று வைத்தாலும் மணிக்கு நூற்றுப் பத்துக்குள் முடிகிறது. வாடகை ஏறியிருப்பது எழுநூறு.

இதில் வேடிக்கை 2022 தைதான். 2021 தீபாவளிக்கு முந்தின நாள் சென்னையில் டீசல் 102 ரூபாய் 59 காசு. கலால் வரியைக் குறைத்ததும் 91.43க்கு இறங்கி, எங்கள் அறுப்பு முடியும்வரை அங்கேயே நின்றது. தையில் வந்த வண்டிக்காரர், "நூறைத் தாண்டிடுச்சுண்ணே, கட்டுப்படியாகலை" என்று சொல்லி மணிக்கு முந்நூறு ஏற்றினார். பெட்ரோல் பங்கில் என்ன விலை எழுதியிருக்கிறது என்று இருவருக்குமே தெரியும். நடுவில் ஏறிய விலை, அதே வருஷம் மே மாதம் மறுபடி கலால் ஆறு ரூபாய் குறைந்ததும் 94.24க்கு இறங்கியது, 2024 மார்ச்சில் இன்னும் இரண்டு ரூபாய் குறைந்தது. ஒரு தடவைகூட "இறங்கியிருக்குண்ணே, அம்பது கொறச்சுக்குங்க" என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. போகட்டும், விலை ஏற்றம் எனக்குப் பெரிய எரிச்சல் இல்லை. எல்லாமே ஏறுகிறது.

என் எரிச்சல் லீவரில் இருக்கிறது.

மணிக்கணக்கு என்றால் டீசல் வண்டிக்காரருடையது, நேரம் நம்முடையது. டீசல் மிச்சமானால் அவருக்கு லாபம், நேரம் நீண்டால் அதுவும் அவருக்கே லாபம். அறுவடை வண்டியில் இன்ஜின் வேகத்தைக் குறைக்க முடியாது. குறைத்தால் கதிரடிக்கும் உருளை மந்தமாகி நெல் வைக்கோலோடு வெளியே போய்விடும். குறைக்கக்கூடியது நடை மட்டும்தான். இடது கையில் இருக்கும் லீவரை எவ்வளவு முன்னால் தள்ளுகிறாரோ அவ்வளவு வேகம். டீசல் ஏற ஏற அந்த லீவர் பாதியைத் தாண்டுவதே இல்லை. சத்தம் முழுச் சத்தமாக இருக்கும், புழுதி பறக்கும், வரப்பில் நிற்பவனுக்கு வண்டி மும்முரமாக வேலை செய்வதாகத் தோன்றும். வாய்க்குள் போகும் பயிர் குறைவு, இன்ஜினுக்குச் சுமை குறைவு, டேங்க் மெதுவாக இறங்கும். பக்கத்து வயலில் அதே மாடல் வண்டி ஓடும்போது பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். கேட்டால் "வேகமா ஓட்டுனா நெல்லு சிந்தும்ணே" என்பார்கள். அதிலும் உண்மை இருக்கிறது என்பதுதான் கொடுமை. எந்த இடத்தில் கவனம் முடிந்து எந்த இடத்தில் டீசல் மிச்சம் தொடங்குகிறது என்று வரப்பில் நின்று யாராலும் சொல்ல முடியாது.

அப்புறம் மீட்டர். டேஷ்போர்டில் ஓடும் மணி மீட்டரில் கடைசி இலக்கம் மணியில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஆறு நிமிஷம். தொடங்கும்போது 1843.6, முடிக்கும்போது 1845.1 என்றால் ஒன்றரை மணி நேரம். "ஒண்ணு அஞ்சு, ஒரு மணி அம்பது நிமிசம்ணே" என்று கூசாமல் சொல்வார்கள். இது ஏமாற்றா, புரியாமையா என்று எனக்கு இன்றுவரை முடிவாகவில்லை. ஒரு டிரைவருக்குத் தாளில் எழுதிக் காட்டியபோது நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். டிராக்டர் கதை இதற்கு நேர்மாறு. கேபிள் வைத்த பழைய டிராக்டரில் மணி மீட்டர் இன்ஜின் சுற்றுக்கு ஏற்ப ஓடும். மெதுவாக ஓட்டினால் மீட்டரும் மெதுவாக ஓடும். அங்கே மட்டும் டிரைவர் மீட்டரைப் பார்க்கவே மாட்டார். "செல்லுல டைம் பாத்துட்டேன்" என்று முடித்துவிடுவார்.

மச்சான் கேட்ட மற்ற இரண்டு வழியையும் பார்த்தாயிற்று. ஒரு குறுவையில் மாவுக்கு இவ்வளவு என்று பேசினோம். அன்றைக்கு லீவர் கடைசிவரை போனது! மூலைக்கு மூலை ஒரு கைப்பிடி விட்டு, வரப்போரம் ஒரு முழத்துக்குப் பயிரை நிற்கவைத்துவிட்டு, வைக்கோலைக் கையில் அள்ளினால் நெல் பொலபொலவென்று உதிர்ந்தது. மிச்சத்தை ஆள் வைத்து அறுத்த கூலியைச் சேர்த்தால் மணிக்கணக்கைத் தாண்டிவிட்டது. சிந்திய நெல் வாத்துக்கு ஆனது.

டீசல் நாம் போட்டு, வண்டிக்கு மட்டும் வாடகை கொடுப்பதை ரொட்டவேட்டர் (டிராக்டருக்குப் பின்னால் சுழலும் கத்தியால் மண்ணைப் பொடியாக்கும் கருவி) உழவில் செய்து பார்த்தோம். முதல் தொல்லை டீசலைக் கொண்டுவருவது. பங்கில் பிளாஸ்டிக் கேனில் ஊற்ற மாட்டோம் என்றார்கள், தகர டின் தேடி அலைந்தோம். அடுத்தது, ஆக்சிலேட்டர் அடியோடு அடி. வரப்பில் நின்று பேசும்போதும் இன்ஜின் உறுமிக்கொண்டே இருந்தது. வேலை சீக்கிரம் முடிந்தது, மறுக்கவில்லை. ஆனால் டின்னில் ஊற்றியதில் எவ்வளவு நிலத்துக்குப் போனது, எவ்வளவு டேங்கிலேயே ஊர் போய்ச் சேர்ந்தது என்பதைக் கேட்கவும் முடியாது, பார்க்கவும் முடியாது. மாமனார் வீட்டுச் சாப்பாட்டில் கரண்டி எண்ணிய மாதிரி ஆகிவிடும். அடுத்த சாலுக்கே பழைய முறைக்குத் திரும்பிவிட்டோம்.

இவ்வளவு திட்டிவிட்டு நல்லதைச் சொல்லாமல் விட்டால் பாவம். மூன்று போகமாக எனக்கு வரும் வண்டியின் டிரைவர் ஆத்தூர்ப் பக்கத்துப் பையன், இருபத்தைந்து வயதுகூட இருக்காது. சாய்ந்த பயிரைப் பார்த்ததும் வண்டியை இறக்க மாட்டான். முதலில் வயலைச் சுற்றி ஒரு நடை. எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்து, அதற்குத் தோதான பக்கமிருந்து கத்தியை நுழைத்துக் கதிரைத் தூக்கி எடுப்பான். திரும்பி வரும்போது அறுக்காமல் வெறும் வண்டியாக வருவான். அது நேரம் தின்னும் வேலைதான், ஆனால் அந்த நேரத்துக்குக் காசு கொடுக்க எனக்கு வருத்தமே இல்லை. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இறங்கி, பின்னால் விழும் வைக்கோலை உதறி உள்ளங்கையில் ஊதிப் பார்ப்பான். நெல் தெரிந்தால் காற்றைக் குறைப்பான், பதர் கூடினால் ஏற்றுவான். அவன் அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டியபோது தூற்றச் சொல்லித் திருப்பவில்லை. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் வரக் காயவைத்தது மட்டும்தான் எங்கள் வேலை. அவன் கையில் அந்த வண்டி இருக்கும்போது லீவர் எங்கே இருக்கிறது என்று நான் பார்ப்பதே இல்லை.

வண்டி உரிமையாளர் பக்கமும் கொஞ்சம் நியாயம் பேச வேண்டும். கால் கோடி ரூபாய்ச் சமாசாரம் அது, பெரும்பாலும் தவணையில் ஓடுகிறது. ரப்பர் பெல்ட் ஜோடி தேய்ந்தால் லட்சத்துக்கு மேல். வருஷத்தில் வேலை கிடைப்பது சில மாதம்தான், அதில் மழை நாள் போக மீதி. லாரி வாடகை, டிரைவர் பேட்டா, புரோக்கருக்கு மணிக்கு நூறு நூற்றைம்பது. எழுநூறு ரூபாய் ஏற்றத்தில் டீசல் நூறு என்றால் மீதி அறுநூறும் கொள்ளை என்று சொல்ல மாட்டேன். தவணை, பெல்ட், பேட்டா எல்லாம் அதில் இருக்கிறது. அதை அப்படியே சொல்லிக் கேட்டால் கொடுத்துவிட்டுப் போகிறேன். எல்லாப் பழியையும் டீசல் தலையில் போட்டுவிட்டு, அந்த டீசலையும் என் நேரத்தில் மிச்சம் பிடிப்பதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை.

மச்சானுக்கு நடைமுறையில் சொன்னது கொஞ்சம்தான். வண்டி வயலில் இறங்குமுன் மீட்டரைச் செல்போனில் படம் எடு, டிரைவர் பார்க்கிற மாதிரி எடு. நெல் வாங்க டிரெய்லரை வரப்போரம் தயாராக நிறுத்து. தொட்டி நிரம்பி வண்டி காத்து நின்றால் அந்த நேரமும் உன் கணக்குதான். நாலு மூலையையும் முதல் நாளே அரிவாளால் அறுத்துவை, திரும்புவதற்கு ஆகும் நேரம் பாதியாகிவிடும். பக்கத்து வயல்காரர்களோடு பேசி ஒரே நாளில் விடு, வண்டி ஊர் ஊராக நகரும் செலவு பிரியும். மணிக்கணக்கிலேயே பேசு. ஆனால் உரிமையாளரிடம் பேசும்போது எந்த டிரைவர் வருகிறான் என்று முதலில் கேள், விலையை அப்புறம் கேள்.

இந்த வாடகை வண்டி ஏற்பாட்டுக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டால் இரண்டு. நேற்று எழுத உட்கார்ந்திருந்தால் மூன்றரை கொடுத்திருப்பேன். இன்று காலை உரிமையாளர் போன் போட்டு, லாரிக்காரர் டீசல் சொல்லி வாடகையை ஏற்றிவிட்டாராம், அதில் என் பங்கு எண்ணூறு பாக்கியாம். கணக்கு தீர்த்து இருவரும் கும்பிட்டுக்கொண்டு பிரிந்த பிறகு! பங்கில் போன வாரம் இருந்த விலைதான் இன்றும் இருக்கிறது என்றேன். "அது பங்கு வெலைண்ணே" என்றார். எண்ணூறை அனுப்பவில்லை, அனுப்புவதாகவும் இல்லை. குறுவை அறுப்புக்கு அந்தப் பையன் வருவதாக இருந்தால் முன்பணம் மட்டும் இப்போதே போட்டுவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.