எச்சரிக்கை: செயலி காட்டும் பேருந்து நேரத்தை அப்படியே நம்பாதீர்கள்

பேருந்து எப்போது வரும் என்று செயலியில் பார்த்துக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிடுங்கள். குறிப்பாக, ஒரு வண்டியில் இறங்கி இன்னொன்றைப் பிடிக்க வேண்டியவர்கள்.

அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துக்கொண்டு போகும்போது நடந்தது இது. நிறுத்தத்தில் உட்கார்ந்து செயலியைத் திறந்தால் எங்கள் வண்டிக்கு '6 நிமிடம்' என்றிருந்தது. 5, 4, 3 என்று இறங்கியது. '1 நிமிடம்' என்று வந்ததும் அப்பா கைத்தடியை ஊன்றி எழுந்து சாலையோரம் போய் நின்றுவிட்டார். அப்புறம் அந்த வரியே பட்டியலில் இருந்து காணாமல் போனது. அடுத்த வண்டி மேலே ஏறிக்கொண்டது. சாலையில் எதுவும் வரவில்லை. வரப்போவதும் இல்லை என்று எங்களுக்கு யார் சொல்வார்கள்? மருத்துவர் கொடுத்திருந்த நேரம் போய்விட்டது.

பிறகு உதவி எண்ணுக்கு அழைத்துக் கேட்டேன். அன்றைக்கு அந்த ட்ரிப் ரத்தாம். வண்டி டிப்போவை விட்டே கிளம்பவில்லை. அப்படியென்றால் செயலியில் நிமிடம் நிமிடமாகக் குறைந்தது என்ன என்றால், "அது டைம்டேபிள் சார்" என்றார்கள். சாதாரணமாகச் சொன்னார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அச்சடித்த கால அட்டவணையை ஓடுகிற வண்டி மாதிரி காட்டுவது பயணியை ஏமாற்றுவதுதான். வேறு பேர் கிடையாது.

இது எப்படி நடக்கிறது என்று தேடிப் படித்தேன். பேருந்துத் தகவலைச் செயலிகளுக்குக் கொடுக்க ஜிடிஎஃப்எஸ் என்று ஒரு பொது வடிவம் இருக்கிறது. 2005-இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் சேர்ந்து தொடங்கியது. அதில் இருப்பது கால அட்டவணை மட்டும். வண்டி இப்போது எங்கே வருகிறது என்ற நேரலைத் தகவல் தனி. அதற்கான வடிவம் 2011-இல்தான் வந்தது. அந்த இரண்டாவது தகவல் வராதபோது பல செயலிகள் முதலாவதை வைத்தே நேரத்தைக் காட்டிவிடுகின்றன.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நிஜ வண்டியின் நேரம் சீராகக் குறையாது. சிக்னலில் நின்றால் '4 நிமிடம்' அப்படியே நிற்கும், சில சமயம் 5 ஆகக்கூட ஏறும். கடிகாரம் மாதிரி பிசகாமல் குறைந்துகொண்டே வந்தால் சந்தேகப்படுங்கள். வரைபடத்தில் வண்டியின் புள்ளி தெரிகிறதா, நகர்கிறதா என்று பாருங்கள். நேரலை நேரத்துக்குப் பல செயலிகளில் தனி நிறமோ அலை போன்ற குறியோ இருக்கும். அது இல்லையென்றால் முந்தைய வண்டிக்கே கிளம்பிவிடுங்கள்.

அன்றைக்கு வெகுநேரம் கழித்து இரண்டு வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. முதலாவதில் படிக்கட்டு வரை கூட்டம், பின்னால் வந்ததில் பாதி இருக்கை காலி. இதற்கு ஓட்டுநர்களைத் திட்டிப் பயனில்லை. தாமதமான வண்டிக்கு ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூடுதல் ஆள் சேர்கிறது, ஏற்றி இறக்க நேரமாகிறது, இன்னும் தாமதமாகிறது. பின்னால் வருவதற்கு ஆள் குறைவு, அதனால் எட்டிப் பிடித்துவிடுகிறது. நியூவெல், பாட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1964-லேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். 10 நிமிடத்துக்கு ஒன்று வர வேண்டியது 20 நிமிடத்துக்கு இரண்டாக வந்தால், அலுவலகக் கணக்கில் மணிக்கு 6 வண்டி சரியாக இருக்கும். நிறுத்தத்தில் நிற்கிறவருக்கோ சராசரிக் காத்திருப்பு 5 நிமிடத்திலிருந்து 10 ஆகிவிடும். நடுவழியில் ஒரு நிறுத்தத்தில் பின்வண்டியைக் கொஞ்சம் நிறுத்தி அனுப்பினால் இடைவெளி திரும்பிவிடும். அதைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும்.

இப்படி உங்களுக்கும் நடந்தால், வரி மறைவதற்குள் திரையைப் படம் பிடித்துவையுங்கள். தட எண், நிறுத்தத்தின் பெயர், நேரம் மூன்றும் அதில் தெரியட்டும். புகாரை எழுத்தில் கொடுங்கள், 'இந்த ட்ரிப் ரத்தானதைச் செயலிக்கு ஏன் அனுப்பவில்லை' என்று நேராகவே கேளுங்கள். ரத்தான ட்ரிப்பைக் குறித்து அனுப்ப அந்த நேரலை வடிவத்தில் வசதி இருக்கிறது. நானும் இதே கேள்வியைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.