நைரோபி ஒட்டகச்சிவிங்கி மையம்: கால்களைப் பார்க்க மறக்காதீர்கள்

நைரோபியில் அரை நாள்தான் கையில் இருக்கிறது என்றால் லங்காட்டா பகுதியில் உள்ள ஒட்டகச்சிவிங்கி மையத்துக்குப் போய்விடுங்கள். கையால் தீவனம் ஊட்டிப் படம் எடுத்துக்கொள்ளும் இடம், அவ்வளவுதான் என்று நினைத்துத்தான் போனேன். ஆனால் கென்யாவில் ராத்சைல்ட் வகை ஒட்டகச்சிவிங்கி இன்னும் மிச்சமிருப்பதற்கு இந்த மையத்தைத் தொடங்கியவர்கள் ஒரு முக்கியக் காரணம் என்பது அங்கே போன பிறகுதான் புரிந்தது.

அவற்றின் தலை உயரத்துக்கு ஒரு வட்ட மேடை கட்டியிருக்கிறார்கள். பெல்லட் தீவனத்தைக் கையில் வைத்து நீட்டினால் நாக்கு வந்து சுருட்டி எடுத்துக்கொள்கிறது. ஏறக்குறைய அரை மீட்டர் நீளம், கருநீல நிறம், தொட்டால் சொரசொரப்பு. வேல முள்ளுக்கு நடுவே இலையை மட்டும் உருவித் தின்ன அப்படி ஒரு நாக்கு வேண்டித்தான் இருக்கிறது. சிலர் பெல்லட்டை உதட்டில் கவ்விக்கொண்டு முத்தப் படம் எடுக்கிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பொறுமை போனால் அவை தலையால் இடிக்கும், அந்தத் தலையின் கனம் சாதாரணமானதல்ல.

படம் எடுத்த கையோடு கிளம்பிவிடாமல் பணியாளர்கள் சொல்வதை நின்று கேளுங்கள். கென்யாவில் மூன்று வகை ஒட்டகச்சிவிங்கிகள் உண்டு. மசாய் வகைக்குத் திட்டுகள் கிழிந்த இலை மாதிரி இருக்கும், குளம்பு வரை இறங்கும். வடக்கே இருக்கும் வலைப்பின்னல் வகைக்குக் கோடுகள் கத்தரித்தது போலத் தெளிவாக இருக்கும். ராத்சைல்டுக்கோ முழங்காலுக்குக் கீழே திட்டே கிடையாது, வெள்ளைக் காலுறை போட்டது போல இருக்கும். வளர்ந்த ஆணுக்கு உச்சியில் இரண்டு, நெற்றியில் ஒன்று, காதுக்குப் பின்னால் சின்னதாக இரண்டு என்று ஐந்து கொம்புப் புடைப்புகள் வரை இருக்கும்.

1970களில் கென்யாவில் இவை ஏறத்தாழ 130தான் மிஞ்சியிருந்தன. மேற்கே சோய் பகுதியில் அவை வாழ்ந்த பண்ணை நிலம் குடியேற்றத்துக்காகத் துண்டு போடப்பட்டுக்கொண்டிருந்தது. ஜாக், பெட்டி லெஸ்லி-மெல்வில் தம்பதி டெய்சி, மார்லன் என்ற இரண்டு குட்டிகளைத் தங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து வளர்த்தார்கள். 1979இல் அறக்கட்டளை, 1983இல் பொதுமக்களுக்கு இந்த மையம், நடுவே பணம் திரட்டி மற்றவற்றை நக்குரு ஏரி தேசியப் பூங்கா போன்ற இடங்களுக்கு மாற்றும் வேலை. பதினைந்து மாதம் சுமந்து பெரும்பாலும் ஒரே ஒரு குட்டி போடும் விலங்கு இது, எண்ணிக்கை ஏற எத்தனை வருடம் பிடித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களை வரிசைப்படுத்தும் சிவப்புப் பட்டியலில் 2010இல் 'அருகிவரும்' நிலையில் இருந்தது, 2018இல் அதைவிட ஆபத்து குறைந்த 'அச்சுறு நிலையை அண்மித்தது' என்று மாறியது. எனக்கு அங்கே மிகவும் சந்தோஷம் தந்த விஷயம் அதுதான்.

அதற்காக ஆபத்து தீர்ந்துவிடவில்லை. இவை அதிகம் வாழும் உகாண்டாவின் மர்ச்சிசன் அருவிப் பூங்காவில், வேறு விலங்குக்கு வைத்த கம்பிக் கண்ணியில் இவற்றின் கால் மாட்டிக்கொள்கிறது. கென்யாவின் பேரிங்கோ ஏரியில் தண்ணீர் ஏறித் தீவில் தனித்துப் போனவற்றை, இதற்கென்றே செய்த மிதவையில் ஒவ்வொன்றாகக் கரை சேர்த்தார்கள், 2021இல்தான் அது முடிந்தது. அப்புறம் பெயர் விஷயம்: மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு ராத்சைல்டை நூபிய ஒட்டகச்சிவிங்கியோடு சேர்த்து ஒரே துணையினமாகத்தான் இப்போது பார்க்கிறார்கள். பழைய பெயர் பேச்சில் இன்னும் இருக்கிறது, குழம்ப வேண்டாம்.

காலையில் திறந்த உடனே போய்விடுங்கள். எங்களை ஏற்றிப்போன வண்டிக்காரர் தாமதமாக வந்ததால் நாங்கள் மதியம்தான் போய்ச் சேர்ந்தோம், அதற்குள் பாதி ஒட்டகச்சிவிங்கிகள் வயிறு நிறைந்து மர நிழலுக்குப் போய்விட்டிருந்தன. எதிரே காட்டுப் பாதை ஒன்றும் இருக்கிறது, கூட்டமில்லாமல் நடக்கலாம்.

இன்னொரு நாள் இருந்தால் நக்குருவுக்கும் போங்கள். நாங்கள் போனபோது மஞ்சள் பட்டை வேல மரங்களுக்கு நடுவே நான்கு நின்றிருந்தன. அங்கே மேடையும் இல்லை, தீவனமும் இல்லை. வண்டியை நிறுத்தி முதலில் கால்களைத்தான் பார்த்தேன். வெள்ளை.